பிள்ளை விளையாட்டும் பெரியோர் மடமையும்

சில வாரங்களுக்கு முன் பட்டணத்து மண்டபம் ஒன்றில் மேனாட்டுச் சித்திரங்களைப் பற்றி ஓர் உபந்நியாசம் நடைபெற்றது. பேசியவர் கற்றறிந்த கனவான். அவர் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. படங்களை ஒவ்வொன்றாகத் திரையிற் காட்டி விளக்கி வந்தவர், 1560ஆம் ஆண்டில் வரையப்பெற்ற ஒரு படத்தைக் காட்டியதும் சபையிற் சலசலப்பு உண்டாயிற்று. படம் முழுவதும் பிள்ளைகள்! ஓடுவோர், தாவுவோர், உருள்வோர், ஒருவர் மயிரை ஒருவர் பற்றி இழுப்போர்! முன்வரிசையில், ஆசிரியர் ஒருவர் அழைத்து வந்திருந்த தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் இருந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி எழுந்து, படத்தின் இடப்புற அடி மூலையைச் சுட்டி, "அதோ, அஞ்சாங்கல் ஆடுகிறார்கள்!" என்று கூவினாள். கனவான் புன்முறுவல் பூத்து, "உட்கார், அம்மா. அது விளையாட்டன்று. மனிதர் தம் வாழ்நாளை அற்பச் செயல்களில் வீணாக்குவதை ஓவியன் அவ்வாறு உருவகமாகக் காட்டியிருக்கின்றான். இஃது மடமையின் படம்" என்றார். சிறுமி உட்கார்ந்தாள். சபையோர் கைதட்டினர்.

யாம் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

படம் யாது என்பதை அறியாத நேயர்கட்கு முதலிற் சில சொற்கள். வரைந்தவர் பீட்டர் புரூகல் என்னும் நெதர்லாந்து ஓவியர். அக்காலத்தில் அவர் வாழ்ந்தது ஆண்ட்வெர்ப் என்னும் துறைமுக நகரில். படத்திற்கு இன்று வழங்கும் பெயர் 'பிள்ளை விளையாட்டுகள்'. மரப்பலகையின்மீது எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. உயரம் 118 சென்டிமீட்டர், அகலம் 161 சென்டிமீட்டர். 1594இல் ஆஸ்திரியக் கோமகன் எர்ன்ஸ்ட் அதனை விலைக்கு வாங்கினார். இன்று வியன்னா நகரத்துக் கலைக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. ஒரு மேடைபோல் உயர்ந்த இடத்தில் நின்று நோக்கினாற்போல, ஊர்ச் சதுக்கமும், அதன் நடுவே ஒரு பெரிய பொதுக்கட்டடமும், வலப்புறம் நெடுந்தொலைவு செல்லும் ஒரு தெருவும், இடப்புறம் பசும்புல்வெளியும் ஓடையும் தோன்றுகின்றன. அவ்விடமெங்கும் ஏறக்குறைய 230 பிள்ளைகள். எண்ணியவர்கள் 80க்கு மேற்பட்ட விளையாட்டுகளை அடையாளங் கண்டிருக்கின்றனர். பெரியவர் என்று சொல்லத்தக்கவர் ஏறக்குறைய ஒருவருமில்லை. ஊரே பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது!

இனி அக்கனவானின் கொள்கைக்கு வருவோம். அஃது அவர் சொந்தச் சரக்கன்று. மேனாட்டு ஆராய்ச்சியாளர் பலர் எழுதி வைத்ததே. அவர்கள் காட்டும் சான்றுகளை மறைத்துவிட்டு வாதாடுவது நமக்கு அழகன்று. ஆதலின் அவற்றை எடுத்துரைத்தே மறுப்போம்.

அவர்கள் முதலிற் காட்டுவது ஒரு செய்யுள். 1530இல் அதே ஆண்ட்வெர்ப்பில் யான் வான் டூஸ்பார்க் என்பார் அச்சிட்டது, ஆசிரியர் பெயரில்லாதது. தம் அறிவற்ற விளையாட்டுகளிலும் கவலைகளிலும் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகட்கு மாந்தரை ஒப்பிடுகின்றது அச்செய்யுள். 'அதே ஊர், முப்பதாண்டு இடைவெளி. ஆகவே ஓவியன் கருத்தும் அதுவே' என்பது அவர் வாதம். நன்று! அவ்வாறாயின், அதற்கு ஓராண்டு முன்னர், 1529இல், அதே நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிற் பிறந்த எராஸ்மஸ் என்னும் பேரறிஞர், பிள்ளைகளைப் பிரம்பால் அடித்துக் கற்பிப்பதைக் கடிந்து, விளையாட்டைப்போலக் கல்வி இனிக்க வேண்டும் என்று நூலெழுதி வெளியிட்டாரே, அஃது எங்கே போயிற்று? பிள்ளைகள் இலத்தீன் பயில்வதற்கென்று அவர் எழுதிய உரையாடல்களில் பிள்ளை விளையாட்டுகளைப் பற்றியதும் ஒன்று உண்டே! பிரான்சு தேசத்து இராபலே, 1534ஐ ஒட்டி வெளியான தம் கதையில், இளம் அரக்கன் ஆடிய ஆட்டங்களென்று 200க்கு மேற்பட்ட பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கவில்லையா? விளையாட்டை எண்ணியெண்ணி மகிழ்ந்த காலம் அது. அந்தக் காலத்தில் தமக்கு வேண்டிய ஒரு செய்யுளை மட்டும் பொறுக்கி எடுத்து, 'காலத்தின் கருத்து' என்று முத்திரையிடுவது ஆராய்ச்சியா?

அடுத்து அவர்கள் துணைக்கழைப்பது யாக்கோப் காட்ஸ் என்னும் ஒல்லாந்துப் புலவரை. அவர் பிள்ளை விளையாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் நீதி உரைத்தார் என்பது மெய்யே. 1625இல் வெளிவந்த அவர்தம் இல்லற நூலிலும் அது காணப்படும். ஆனால் நேயர்காள், ஆண்டுக் கணக்கைச் சற்றே பாருங்கள். புரூகல் இறந்தது 1569இல். காட்ஸ் பிறந்தது 1577இல். பேரன் எழுதிய கணக்கைக் கொண்டு பாட்டனார் பட்ட கடனைத் தீர்மானிப்பார் எவரேனும் உளரோ? இருக்கின்றனர், சித்திர ஆராய்ச்சியில் இருக்கின்றனர்!

நிற்க. அவர்களுடைய வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதனை யாம் எளிதிற் கடந்து செல்ல மாட்டோம். இப்படத்திற்கு முந்திய ஆண்டாகிய 1559இல் புரூகல் நெதர்லாந்துப் பழமொழிகளைத் திரட்டி ஒரு படம் தீட்டினார். அது பெர்லினில் உள்ளது. அதிலும் இவ்வாறே உயர நின்று நோக்கும் காட்சி; அதிலும் இவ்வாறே கூட்டங்கூட்டமாய் மனிதர். ஒருவன் சுவரில் தலையை மோதுகின்றான். ஒருவன் கன்று விழுந்து மாண்டபின் கிணற்றைத் தூர்க்கின்றான். அது மடமையின் படம் என்பதில் ஐயமில்லை. 'அஃது மடமையாயின் இஃதும் மடமையே; இரண்டும் ஒரே கை, ஒரே அமைப்பு' என்கின்றனர்.

ஒரே கைதான். ஆனால் அந்தக் கை மடமையைக் காட்ட விரும்பியபோது எப்படிக் காட்டிற்று என்று பாருங்கள். பழமொழிப் படத்தில், சாவடியின் வெளியே உலகுருண்டை ஒன்று தலைகீழாகத் தொங்குகின்றது. உலகம் புரண்டு கிடக்கின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான பலகை வேண்டுமோ? பிள்ளைகள் படத்தில் அத்தகைய உருண்டை எங்கே? சதுக்கமெங்கும் தேடுங்கள், கிடையாது. மேலும், சுவரில் தலையை மோதுபவன் செயலுக்குப் பயன் யாதொன்றுமில்லை. அதனாலேயே அது பழமொழியாயிற்று. பச்சைக் குதிரை தாண்டும் பையனோ குனிந்தவனைத் தாண்டிவிடுகின்றான்! அவன் எடுத்த காரியம் முடிந்தது. மடமை என்பது எடுத்தது முடியாமை; விளையாட்டு என்பது எடுத்தது முடிந்தபின் மீண்டும் எடுத்தல். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஓவியனுக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் ஒன்று. பிள்ளைகளையும் மடமையையும் ஒருங்கே புரூகல் காட்டிய இடமும் உண்டு. 1556இல் அவர் வரைந்த பள்ளிக்கூடத்துக் கழுதைச் சித்திரம் அது. மறு ஆண்டு அச்சுப் படமாகவும் வெளிவந்தது. அதில் பிள்ளைகள் மூட்டை மூட்டையாய் அடைந்து கிடக்கின்றனர். நடுவே உபாத்தியாயர், ஒரு பையனின் ஆடையை விலக்கி அடிக்க முனைந்திருக்கின்றார். சன்னல் ஓரத்தில் கழுதை ஒன்று இசைத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது. கழுதையைப் படிக்க அனுப்பினாலும் அது குதிரையாகத் திரும்பாது என்பது அச்சுப் படத்தின்கீழ் உள்ள வாசகத்தின் கருத்து. மடமை குடிகொண்ட இடமாக இந்த ஓவியர் தேர்ந்தெடுத்தது எதனை? சதுக்கத்தையா, பள்ளி அறையையா? எம் கனவான் அந்தச் சித்திரத்தையும் திரையிற் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. முன்வரிசையில் ஆசிரியர் இருந்தமையால் போலும்!

சரி, மடமைக் கட்சியை விடுவோம். மற்றொரு கட்சி இருக்கின்றது. அது இனிப்புக் கட்சி. நாட்காட்டியில் இப்படத்தை அச்சிட்டுக் 'கவலையற்ற பொற்காலம்' என்று கீழே எழுதுவோர் இக்கட்சியினர். இவர்களையும் யாம் வரவேற்கவில்லை. இவர்கள் படத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்திருப்பின், இரண்டு வரிசையாய் அமர்ந்து கால்களை நீட்டி உதைக்கும் பையன்களின் நடுவே ஒருவன் ஓடவேண்டியிருக்கும் அந்த ஆட்டத்தைக் கண்டிருப்பார்கள். ஒருவனைக் கையும் காலும் பற்றித் தூக்கி மரக்கட்டையில் மோதும் கூட்டத்தைக் கண்டிருப்பார்கள். பலர் சேர்ந்து ஒருவன் மயிரைப் பிடித்திழுப்பதைக் கண்டிருப்பார்கள். குனிந்து சாணத்தைக் கோலாற் கிளறும் சிறுமியைக் கண்டிருப்பார்கள். பொற்காலமாம்! பிள்ளைப் பருவத்தில் உதைபட்டவர் எவரும் அப்படிச் சொல்லார். முகங்களைப் பாருங்கள்: சிரிப்பு மிக அரிது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேலையில் ஆழ்ந்து, கண்ணை எடுக்காமல் இருக்கின்றது. புரூகல் இப்படத்தைத் தீட்டியபோது மணமாகாதவர், 1563இல்தான் மணந்தார். ஆகவே தம் மக்களைக் கொஞ்சும் தந்தையின் கண்ணீர்க் கண்ணால் அவர் பார்த்தார் என்பதற்கும் இடமில்லை.

மூன்றாவதாக ஒரு கட்சி. 1960இல் பிலிப் ஆரியே என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர், பண்டை ஐரோப்பாவில் பிள்ளைப் பருவம் என்ற எண்ணமே தோன்றவில்லை என்று எழுதினார். அதுமுதல், பழைய படங்களிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் 'குறுகிய பெரியவர்களே' என்று சிலர் கிளிப்பிள்ளைபோற் சொல்லத் தொடங்கினர். உடையைக் காட்டுகின்றனர்: பெரியவர் உடையின் அதே வெட்டு! உடை தைத்தவனைக் கேட்டால் விடை கிடைக்கும்; உடலைப் பார்த்தாலோ வேறு விடை. பாவாடையைச் சுழற்றி, அது காற்றால் உப்பும்படி ஆடும் அச்சிறுமியர் எந்தப் பெரியவரின் குறுக்கம்? இக்கட்சிக்கு இவ்வளவு போதும்.

ஆயின் நீர் யாது சொல்லுகின்றீர் என்று கேட்பீர்கள். யாம் சொல்வது எளிது: அச்சிறுமி சொன்னதே சரி. அங்கே கழங்காடுகின்றனர். முதலில் அதுதான் பொருள். அதைக் காணாதவன் அதற்கப்பால் எதையும் காணத் தகுதியற்றவன்.

அந்த மூலையையே சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். அவர்கள் கையிலிருப்பது கல்லன்று, ஆட்டின் கணுவெலும்பு. நம் வீட்டுப் பெண்கள் கூழாங்கல்லை மேலே எறிந்து, அது விழுமுன் தரையிலிருப்பதை அள்ளும் அதே கைத்திறம். உடல் அறிந்த அறிவு அது. படம் முழுவதும் இத்தகைய அறிவே நிரம்பிக் கிடக்கின்றது. பொய்க்காலில் நிற்பவனுக்கு உடலின் பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரியும். பம்பரத்தைச் சாட்டையால் அடிப்பவனுக்கு அடியின் அளவு தெரியும். நீரில் நீந்துபவனுக்கு மூச்சின் அளவு தெரியும். குமிழி ஊதும் பிள்ளையைக் காட்டி, 'ஆகா, மாந்தர் வாழ்வு நீர்க்குமிழி!' என்று பெருமூச்சு விடுவார் நம் கனவான். நீர்க்குமிழி நிலையாமையைக் குறிக்கும் என்பது நமக்கும் பழைய செய்திதான், பாட்டிமாரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் குமிழி என்பது மூச்சைப் பற்றிய கேள்வி. வேகமாய் ஊதினால் உடையும். மெதுவாய் ஊதினால் எழாது. அந்த நடுவளவை அது தேடிக்கொண்டிருக்கின்றது. தேடுகின்ற பிள்ளையின் தோளுக்குமேல் நின்று, 'நீ சாகப் போகின்றாய்' என்று சொல்வதுதான் ஞானமோ?

பிள்ளைகள் பெரியோரைப்போல் நடிப்பதும் படத்தில் உண்டு. அதை யாம் மறைக்கவில்லை. ஒரு புறம் மணமகள் ஊர்வலம். ஒரு புறம் ஞானஸ்நான ஊர்வலம். ஒரு சன்னலில் பிள்ளையொன்று பெரியவர் முகமூடியைப் பிடித்திருக்கின்றது. இங்கே ஏளனம் உண்டு என்றால், உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஏளனம் யார்மேல் விழுகின்றது? எந்தப் பிள்ளையும் பெரியவர் சடங்கைத் தவறாகச் செய்யவில்லை. முறை பிசகாமற் செய்கின்றது. பார்க்கும் பெரியவர்க்கல்லவா, 'நம் சடங்கும் இப்படித்தானே இருக்கின்றது' என்று உறுத்த வேண்டும்? அந்த உறுத்தலைத் தாங்கமாட்டாமல்தான் போலும், பெரியோர் பழியைப் பிள்ளைகள் தலையிற் சுமத்தினர்!

இனி வலப்புற அடி மூலைக்கு வாருங்கள். அங்கே ஒரு சிறுமி கடை வைத்திருக்கின்றாள். செங்கல்லைச் சுரண்டிச் சிவப்புப் பொடி எடுக்கின்றாள். அதுதான் அவள் சரக்கு. அக்காலத்து ஆண்ட்வெர்ப், ஓவியர்க்கு வேண்டிய வண்ணப்பொடிகள் வந்திறங்கி விலைபோகும் பெருஞ்சந்தை. மண்ணையும் கல்லையும் அரைத்து, எண்ணெயிற் குழைத்துச் சிவப்பும் மஞ்சளும் ஆக்குவதே ஓவியன் தொழில். அந்தச் சிறுமி செய்வதும் அதுவன்றி வேறென்ன? அந்த அடி மூலையில்தான் ஓவியர் தம் பெயரையும் 1560 என்னும் ஆண்டையும் எழுதியிருக்கின்றார். விளையாட்டை மடமையென்று பழிக்க வந்தவன், தன் தொழிலை விளையாடும் பிள்ளையின் அருகிலா கையொப்பமிடுவான்? அப்படி இட்டிருப்பின், தன்னையும் மடையர் கூட்டத்திற் சேர்த்துக்கொண்டான் என்றல்லவா ஆகும்! மடமைக் கட்சியார் இதற்கு விடை கூறட்டும்.

ஆண்டுக் கணக்கை இன்னுஞ் சற்றே நீட்டிப் பார்ப்போம். 1560இல் பிள்ளைகள் அச்சதுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தனர். 1566இல் அந்நாட்டுப் பெரியோர் கோயில்களுட் புகுந்து சிலைகளையும் சித்திரங்களையும் உடைத்தெறிந்தனர். 1567இல் ஸ்பானியக் கோமகன் ஆல்பா படையுடன் வந்து சேர்ந்தான். 1568ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், பிரசல்ஸ் நகரத்துப் பெருஞ்சதுக்கத்தில், எக்மாண்ட், ஹோர்ன் என்னும் இரு பிரபுக்களின் தலை வெட்டப்பட்டது. அப்போது புரூகல் வாழ்ந்ததும் பிரசல்ஸிலேதான். ஊர்ச் சதுக்கத்தைப் பிள்ளைகள் எதற்குப் பயன்படுத்தினர், பெரியோர் எதற்குப் பயன்படுத்தினர் என்பதை எட்டாண்டுக்குள் ஒரே நாடு காட்டிவிட்டது. மடமை என்னும் சொல்லை எவர்க்கு வழங்குவது என்று கனவானைக் கேட்கின்றோம்!

இத்துணை நீளமாக எழுதுவானேன், ஒரு பழைய படத்தைப் பற்றி யார் என்ன சொன்னால் என்ன என்று சில நேயர் எண்ணலாம். அம்மண்டபத்திற்கு வந்திருந்தவர்களுள் ஆசிரியர் பலர், பெற்றோர் பலர். நம் பிள்ளைகட்கு விளையாட இருந்த நேரம் மாலை வகுப்புக்குப் போயிற்று. இடமோ பற்பல தோட்டங்களில் வேலிக்குள்ளும் வீடமைப்புக்குள்ளும் போயிற்று. எஞ்சியிருப்பது ஐந்து கல்லும் ஒரு திண்ணையும். அதையும், 'புகழ்பெற்ற மேனாட்டு ஓவியனே மடமை என்று சொல்லிவிட்டான்' என்று காட்டிப் பிடுங்கிக்கொள்ளும் ஒரு வீட்டை, அவ்வுபந்நியாசம் நடந்த மறுவாரமே யாம் கண்டோம். அந்தத் தந்தை நல்லவர். பிள்ளையின் தேர்வைப் பற்றிக் கவலை கொண்டவர். அவர்மேல் எமக்குச் சினமில்லை. மேடையில் நின்று தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவர்மேல்தான் சினம்.

அக்கனவான் அடுத்த திங்களும் அதே மண்டபத்தில் பேசுவார் என்று விளம்பரம் பார்த்தோம். அவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. அப்படத்தை மீண்டும் திரையில் இடுக. அச்சிறுமியை மேடைக்கு அழைத்து, கையிற் கோலொன்று கொடுத்து, அவளுக்குத் தெரிந்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டச் சொல்லுக. 80க்குள் அவள் எத்தனை காண்பாள் என்று எண்ணிக்கொண்டு யாமும் முன்வரிசையில் இருப்போம். அவள் முடித்தபின், கனவானும் தமக்குத் தெரிந்தவற்றைத் தொட்டுக் காட்டலாம்.